பழைய இசைத்தட்டை எடைக்குப் போடும் முன்

கண்டியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பாட்டுக் கேட்பதையே வாழ்நாள் ஈடுபாடாகக் கொண்டிருந்த ஒரு தலைமுறை இப்போது வீட்டை ஒதுக்கிக்கொண்டிருக்கிறது. பிள்ளைகள் டொரொன்டோவிலும் லண்டனிலும் குடியேறிவிட்டார்கள். அம்பிட்டியவிலும் அனிவத்தையிலும் இருந்த பெரிய வீடுகள் கைமாறுகின்றன. தளபாடங்களை வாங்க ஆள் கிடைக்கிறது. புத்தகங்களைக் கேட்டு வாங்க நூலகம் இருக்கிறது. அலுமாரி நிறைய அடுக்கியிருக்கும் இசைத்தட்டுகளுக்கும் கெசட்டுகளுக்கும்தான் போக்கிடம் இல்லை. "எல்லாம் ஸ்பொட்டிஃபையில இருக்குத்தானே, இதை வச்சு என்ன செய்யிறது?" என்று இளையவர்கள் கேட்கிறார்கள். பதில் சொல்ல முடியாமல் பெரியவர்கள் சம்மதிக்கிறார்கள். பழைய சாமான் வாங்குபவர் எடைபோட்டு எடுத்துக்கொண்டு போகிறார்.

இளையவர்களின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. இசையைக் கேட்பதற்கு இனித் தட்டும் நாடாவும் தேவையில்லை. ஆனால் "எல்லாம் இருக்கிறது" என்பது பிழை. சென்னையில் பதிவாகி உலகமெங்கும் விற்றவை இருக்கின்றன. இந்தத் தீவில், குறிப்பாக இந்த மலைகளில், தமிழில் ஒலித்தவற்றில் பெரும்பகுதி அங்கே இல்லை. இசைச் சேவைகளுக்கு மாறுவதில் தவறில்லை. அங்கே இல்லாதவற்றைப் பிரதி எடுக்காமல் அலுமாரியைக் காலி செய்வதுதான் தவறு. அதைத் தடுக்கும் ஆற்றல் கண்டியில் இருக்கிறது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

மாற்றத்துக்குக் காரணம் உண்டு

2021 பெப்ரவரியில் ஸ்பொட்டிஃபை 80க்கும் மேற்பட்ட புதிய நாடுகளுக்கு விரிந்தபோது இலங்கையும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றது. அடுத்த ஆண்டே பொருளாதாரம் சரிந்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. 30 டொலருக்கு விற்கும் ஓர் இசைத்தட்டின் விலை இரண்டே மாதங்களில் 6,000 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவைத் தாண்டியது. ஊசி, பெல்ட், ஹெட் எல்லாமே இறக்குமதி. அமெரிக்காவில் 2022இல் வைனல் தட்டுகள் எண்ணிக்கையில் சீடியை முந்தி விற்றன என்று கொண்டாடினார்கள். அதே ஆண்டு இங்கே நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்தது. அந்தக் கொண்டாட்டத்தில் கலந்துகொள்ளும் நிலையில் நாம் இருக்கவில்லை.

கண்டியின் காற்றும் சேகரிப்பாளருக்குச் சாதகமானதல்ல. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், மலைகளுக்கு நடுவே, ஆண்டின் பெரும்பகுதி ஈரத்தில் ஊறிக் கிடக்கும் நகரம் இது. தட்டின் அட்டை உறையில் பூஞ்சணம் பிடிக்கும். அது தட்டின் வரிப்பள்ளத்துக்குள் இறங்கினால் ஒவ்வொரு சுற்றிலும் கரகரக்கும். நாடாவில் காந்தத் துகளைப் பிடித்துவைத்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சி இளகிவிடக்கூடும். அப்படி இளகிய நாடாவை ஓட்டினால் துகள் உரிந்து ஹெட்டில் ஒட்டும். பாட்டு அந்த இடத்திலேயே அழிந்துபோகும்.

ஒலித்தரம் பற்றிய பழைய வழக்கும் ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது. சீடியில் நொடிக்கு 1,411 கிலோபிட் தரவு. ஸ்பொட்டிஃபை நீண்டகாலம் கொடுத்த உச்சத் தரம் 320 கிலோபிட். காது பழகியவர்கள் இதைச் சுட்டிக்காட்டியே சேவைகளுக்கு மாற மறுத்துவந்தார்கள். 2021இல் அப்பிள் மியூசிக் இழப்பில்லாத தரத்தைக் கொண்டுவந்தது. 2025இல் ஸ்பொட்டிஃபையும் பல நாடுகளில் அதைத் தொடங்கியது. நல்ல ஹெட்போனும் போதுமான டேட்டாவும் இருந்தால் சீடிக்குச் சமமான ஒலி கைக்குள் வந்துவிடுகிறது. எனவே மாறியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

மலைகளுக்குள் சேர்ந்த இசை

இந்தச் சேகரிப்புகள் எப்படி உருவாயின என்பதை அறிந்தால்தான் அவற்றுக்குள் என்ன இருக்கிறது என்பது புரியும். இலங்கையில் முறையான வானொலி ஒலிபரப்பு 1925 டிசம்பரில் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது, 1944இல், மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தைப் பேராதனைப் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். அந்தப் படையினருக்காக நிறுவப்பட்ட வலுவான சிற்றலை ஒலிபரப்பிதான் போருக்குப் பின் இலங்கை வானொலியின் பலமாயிற்று. 1952இல் இந்திய ஒலிபரப்பு அமைச்சர் பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரையிசைக்குக் கட்டுப்பாடு விதித்தபோது, தமிழ்நாட்டுக் காதுகளும் இலங்கைப் பக்கம் திரும்பின. எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்கள் இரு நாட்டுக்கும் பொதுவாயின. 'பொங்கும் பூம்புனல்' கேட்டுக் காலை தொடங்கிய வீடுகள் ஹட்டனிலும் இருந்தன, திருநெல்வேலியிலும் இருந்தன.

1970களின் தொடக்கத்தில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுக்கமாக இருந்தது. தட்டும் கருவியும் வசதி படைத்த வீடுகளுக்குள் மட்டும் இருந்தன. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் நிலைமை தலைகீழானது. மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்கள் கெசட் ரேடியோவோடு திரும்பினார்கள். நகரங்களில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடைகள் பெருகின. விரும்பிய பாடல்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால், இரண்டு நாளில் 60 நிமிடக் கெசட்டிலோ 90 நிமிடக் கெசட்டிலோ பதிந்து தருவார்கள். கம்பளையிலிருந்தும் நாவலப்பிட்டியிலிருந்தும் அதற்காகவே கண்டிக்கு பஸ் ஏறி வந்தவர்கள் உண்டு.

கெசட் வந்ததால் நேர்ந்த பெரிய மாற்றம் வேறொன்று. தட்டு இருந்த காலத்தில் நாம் கேட்பவர்கள் மட்டுமே. சிவப்புப் பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் பதியலாம் என்று வந்ததும், மலையகக் குடும்பங்கள் தங்கள் வாழ்வையே பதியத் தொடங்கின. வானொலியில் போன நாடகம், தோட்டத்துக் கோயிலின் மாரியம்மன் தாலாட்டு, மாசி மாதக் காமன் கூத்து, பொன்னர் சங்கர் கதை விடியும்வரை நடந்த இரவு, வீட்டுப் பாட்டியின் ஒப்பாரி, சங்கக் கூட்டத்துப் பேச்சு எல்லாம் மலிவான கெசட்டுகளுக்குள் போயின. அக்குறணை, கல்ஹின்னைப் பக்கத்துத் தமிழ் பேசும் முஸ்லிம் வீடுகளில் றபான் அடித்துப் பாடிய பைத்துகளும் அப்படித்தான். பழைய சாமான் கடையில் எடைபோடப்படுவது இவையெல்லாம் சேர்ந்ததுதான்.

கையில் இருப்பதாகத் தோன்றும் பாடல்

இசைச் சேவையில் நாம் மாதப் பணம் கட்டுவது கேட்பதற்கான அனுமதிக்கு. அந்த அனுமதி நமக்குத் தெரியாத ஒப்பந்தங்களின்மேல் நிற்கிறது. இந்தியாவில் நடந்த ஒன்றைப் பாருங்கள். பழைய எச்.எம்.வி. தட்டுகளின் களஞ்சியம் இன்று சரிகம நிறுவனத்திடம் இருக்கிறது. எம்.எஸ். விஸ்வநாதன் காலத்துத் தமிழ்ப் பாடல்களில் பெரும்பங்கு அந்தக் களஞ்சியத்துக்குள்தான். 2019இல் ஸ்பொட்டிஃபை இந்தியாவுக்கு வந்த சில வாரங்களிலேயே இரு நிறுவனங்களுக்கும் இடையே வழக்கு மூண்டது. டெல்லி உயர் நீதிமன்றத்தில் விவகாரம் போனபின் அந்தப் பாடல்கள் அனைத்தும் சேவையிலிருந்து நீக்கப்பட்டன. திரும்பி வர ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று. இளையராஜாவின் பாடல்களுக்கு உரிமையாளர் யார் என்ற வழக்குகளும் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் நடந்திருக்கின்றன. நாளைக்கு ஒரு தீர்ப்போ முறிந்த ஒப்பந்தமோ போதும், நம் பட்டியலில் இருக்கும் பாடல்கள் சாம்பல் நிறமாகிவிடும்.

நிறுவனமே தவறவிடுவதும் உண்டு. 2019இல் மைஸ்பேஸ் தளம், சேவைக்கணினி மாற்றத்தின்போது 2016க்கு முன் 12 ஆண்டுகளாக மக்கள் ஏற்றியிருந்த இசையை இழந்துவிட்டதாக ஒப்புக்கொண்டது. போனவை ஐந்து கோடிப் பாடல்கள். அவற்றுள் பல வேறெங்கும் வெளியாகாத சிறு கலைஞர்களின் ஆக்கங்கள்.

நம் நாட்டுக்கே உரிய ஆபத்து இன்னொன்று. 2018 மார்ச்சில் திகனயிலும் கண்டியைச் சுற்றியும் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை வெடித்தபோது அவசரகாலநிலை பிறப்பிக்கப்பட்டது. பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் நாடு முழுவதும் முடக்கப்பட்டன. கண்டி மாவட்டத்தில் இணைய வசதியே கட்டுப்படுத்தப்பட்டது. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பின் யூடியூப்பும் முடங்கியது. 2022 ஏப்ரல் 3ஆம் திகதி, மக்கள் போராட்டத்தின்போது, மீண்டும் முடக்கம். அந்த நாட்களில் பாட்டுக் கேட்க முடியாமல் போனது பெரிய துயரமல்ல; அதைவிடப் பெரிய துயரங்கள் நடந்துகொண்டிருந்தன. ஆனால் ஒரு சமூகத்தின் ஒலி நினைவு முழுவதும் அந்த ஒரே வழியில் தொங்கிக்கொண்டிருக்கக் கூடாது என்பதை அந்த நாட்கள் காட்டிவிட்டன.

பட்டியலில் இல்லாதவை

இலங்கைத் தமிழ் இசைக்கு இந்தப் பட்டியல்களில் கிடைத்திருக்கும் இடம் மிகச் சிறிது. வெளிநாட்டில் இருக்கும் ரசிகரும் அறிந்த பெயர் சிலோன் மனோகர். அவரது 'சுராங்கனி' கிடைக்கும். அதைத் தாண்டித் தேடிப் பாருங்கள். இலங்கை வானொலி வளர்த்த மெல்லிசைப் பாடல்கள், திருகோணமலைப் பரமேஷ்–கோணேஷ் சகோதரர்களின் ஆக்கங்கள், சிங்களத்திலும் தமிழிலும் பாடிய வி. முத்தழகு, இரு மொழிக்கும் இசையமைத்த ஆர். முத்துசாமி, எம்.கே. ரொக்சாமி ஆகியோரின் தமிழ்ப் பணி எவ்வளவு அகப்படுகிறது? அகப்படுபவற்றுள் பல, யாரோ ஒரு ரசிகர் தம் வீட்டுக் கெசட்டிலிருந்து யூடியூப்பில் ஏற்றியவை. அந்த ஒருவரின் கணக்கு மூடப்பட்டால் அதுவும் இல்லை.

நெருப்பும் நமக்குப் பாடம் சொல்லியிருக்கிறது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். 1983 ஜூலையில் ஹெந்தளையில் விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டதும் படச்சுருள்கள் அழிந்ததும் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. மலையகத் தொழிலாளரின் வாழ்வைத் திரைக்குக் கொண்டுவந்த வி.பி. கணேசனின் 'புதிய காற்று' 1975இல் வெளியானது. அத்தகைய படங்களின் பாடல்களை இன்று தேடுபவர், யாரேனும் ஒருவர் வீட்டுத் தட்டையோ வானொலியிலிருந்து பதிந்த நாடாவையோதான் நம்ப வேண்டியிருக்கிறது.

மலையக நாட்டார் பாடல்களின் நிலை இன்னும் கவலைக்குரியது. சி.வி. வேலுப்பிள்ளை தோட்டம் தோட்டமாகக் கேட்டுத் தொகுத்த பாடல்கள் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்ற நூலாக நம்மிடம் இருக்கின்றன. கோ. நடேசய்யரின் துணைவி மீனாட்சியம்மை தொழிலாளர் கூட்டங்களில் பாடிய பாடல்கள் 1940இல் நூலாயின. சொல் பிழைத்துக்கொண்டது. மெட்டும், மூச்சு எங்கே நின்றது என்பதும், எந்தச் சொல்லில் குரல் உடைந்தது என்பதும் அச்சில் இல்லை. பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, அழைக்க ஒரு தப்படி, சாமிக்கு ஒன்று, சாவுக்கு ஒன்று என்று தப்பு மேளத்துக்கு இருந்த வகைகளை எந்தப் புத்தகத்தாலும் ஒலித்துக் காட்ட முடியாது. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் தலைமன்னாரில் கப்பலேறிய இலட்சக்கணக்கானோரோடு அந்தப் பாட்டுகளில் பாதி போய்விட்டது. 2023இல் 'மலையகம் 200' என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தோம். வரலாற்றை நினைவுகூர்ந்தோம், அந்த வரலாறு பாடிய குரலைப் பாதுகாக்கும் ஏற்பாடு இன்னும் போதுமானதாக இல்லை.

சேவைகளே இதைச் செய்யும் என்று காத்திருக்க முடியாது. 2024 முதல் ஸ்பொட்டிஃபையில், முந்தைய 12 மாதங்களில் 1,000 தடவைக்குக் குறைவாகக் கேட்கப்பட்ட பாடலுக்குப் பதிவு உரிமைத்தொகை கிடையாது. சென்னை நட்சத்திரத்துக்கு அது சில நிமிடக் கணக்கு. தெல்தோட்டையில் பாடும் ஒரு குழுவுக்கு அது எட்டாத உயரம். பெரும்பான்மை கேட்பதற்கே இடம் என்ற விதியில் சிறுபான்மையின் ஒலி தானாக ஒதுங்கிவிடும்.

அதோடு விவரங்கள் தொலைகின்றன. தட்டின் உறையிலும் கெசட்டின் அட்டையிலும் இசையமைப்பாளர், கவிஞர், பதிவுசெய்தவர் பெயர்கள் இருந்தன. செயலியில் பெரும்பாலும் படத்தின் பெயரும் பாடகர் பெயரும் மட்டுமே கண்ணில் படுகின்றன. அவையும் பல இடங்களில் பிழை. பழைய 78 சுழற்சித் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சமே இடம் என்பதால் படத்தில் வந்த பாடலைச் சுருக்கிப் பதிந்தார்கள். சேவையில் இருப்பது எந்த வடிவம், எதிலிருந்து எடுத்தது என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. தேய்ந்த தட்டிலிருந்து எடுத்து, இரைச்சலை நீக்குகிறோம் என்று வீணையின் நாதத்தையும் சேர்த்து நீக்கிய பிரதிகளை நல்ல காதுள்ள எவரும் கண்டுபிடித்துவிடுவார்.

செய்ய வேண்டியவை

இங்கேதான் ஒலி ரசிகர்களின் துணை தேவைப்படுகிறது. 78 தட்டுக்கு வேறு ஊசி வேண்டும் என்று தெரிந்தவர்கள் அவர்கள். கெசட் ஹெட்டின் சாய்வைச் சிறிய திருகாணியால் சரிசெய்தால் மங்கிய குரல் தெளியும் என்று அறிந்தவர்கள் அவர்கள். எந்த நூலகப் பாடநெறியிலும் எளிதில் கிடைக்காத கைப்பழக்கம் அது. கேட்பதற்கு இனித் தேவைப்படாத அந்தத் தேர்ச்சியும் கருவிகளும் காப்பதற்கு மிகவும் தேவை.

முதல் வேலை, பிரித்தெடுப்பது. உலகெங்கும் கிடைக்கும் திரைப்பாடல் தட்டை விற்றால் இழப்பில்லை. வானொலியிலிருந்து பதிந்தது, கோயிலில் பதிந்தது, வீட்டில் பதிந்தது, இலங்கையில் வெளியானது ஆகிய நான்கும் முதலில் தனியே வர வேண்டும். அட்டையில் பெயர் இல்லாத கெசட்டை ஓட்டிப் பார்க்காமல் எறியவே கூடாது. ஒவ்வொன்றின் விளிம்பிலும் இருக்கும் பிளாஸ்டிக் துண்டுகளை உடைத்துவிட்டால் தவறுதலாக அழிபட வழியில்லை.

இரண்டாவது, நாடாவுக்கு முன்னுரிமை. தட்டு நன்றாக வைத்தால் நூறாண்டு தாங்கும். நாடாவுக்கு அந்த ஆயுள் இல்லை, அதை ஓட்டும் இயந்திரமும் வேகமாக மறைகிறது. யுனெஸ்கோவின் ஆதரவோடு சர்வதேச ஒலி ஆவணக்காப்பகச் சங்கம் முன்னெடுத்த காந்தநாடா எச்சரிக்கைத் திட்டம், 2025ஆம் ஆண்டையொட்டி நாடாவை ஓட்டும் கருவிகள் கிடைப்பது அரிதாகிவிடும் என்று 2019இலேயே எச்சரித்தது. அந்த ஆண்டு வந்தும் விட்டது.

மூன்றாவது, முறையாகப் பிரதி எடுப்பது. அதே சங்கம் குறைந்தபட்சம் 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட் தரத்தைக் கேட்கிறது; 96 கிலோஹேர்ட்ஸ் நல்லது என்கிறது. அந்த உயர்ந்த தரத்தில் ஒரு மணிநேர ஒலிக்கு ஏறத்தாழ 2 கிகாபைட் இடம் போதும். ஒரு டெராபைட் வன்தட்டில் 90 நிமிடக் கெசட்டுகள் முந்நூறு அடங்கிவிடும். செலவு தடையாக இல்லை. நேரம்தான் வேண்டும்: 90 நிமிடக் கெசட்டைப் பிரதி எடுக்க 90 நிமிடமும் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். ஓய்வுபெற்ற ரசிகர்களிடம் அந்த நேரம் இருக்கிறது. கூடவே எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எந்தத் திருவிழா, பாடியவர் யார், தப்படித்தவர் யார் என்பதை எழுதிவைக்க வேண்டும். கேட்டுச் சொல்லக்கூடிய முதியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள்.

நான்காவது, பிரதிகள் பொது இடத்துக்குப் போக வேண்டும். 1952 முதல் கண்டிக்கு அருகிலேயே இருக்கும் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நூலகமும், நகருக்குள் இருக்கும் டி.எஸ். சேனநாயக்க ஞாபகார்த்தப் பொது நூலகமும் இதற்குப் பொருத்தமானவை. ஒரு அறை, ஒரு நல்ல கெசட் டெக், ஒரு இசைத்தட்டுக் கருவி, ஒரு கணினி, பயிற்சி பெற்ற ஒரு உத்தியோகத்தர்: இவ்வளவுதான் தொடக்கம். 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து அச்சு நூல்களைக் காப்பாற்றிக் காட்டியிருக்கிறது. அதன் பல்லூடக ஆவணகம் ஒலிக்கும் இடம் தருகிறது. ஆகவே புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, கண்டியில் ஒரு கிளை வேலையைத் தொடங்கினால் போதும். இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமும் தன் தமிழ்ப் பதிவுகளின் பட்டியலையாவது பொதுவில் வைக்க வேண்டும். அது மக்கள் பணத்தில், மக்கள் குரலால் உருவான சொத்து.

உரிமைப் பிரச்சினையைக் காட்டி ஒதுங்குபவர்கள் இருப்பார்கள். காப்பது வேறு, வெளியிடுவது வேறு. எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றச் சொல்லவில்லை. 2003ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டத்தை அறிந்த சட்டத்தரணி ஒருவரின் ஆலோசனையோடு, நூலகத்துக்குள் வந்து கேட்கும் ஏற்பாட்டிலிருந்து தொடங்கலாம். வீட்டுப் பதிவுகளில் குடும்பத்தாரின் சம்மதம் கட்டாயம். ஒப்பாரி பாடிய பாட்டியின் குரல் யாருடைய காணொளிக்கும் பின்னணி ஆகிவிடக் கூடாது.

"இதையெல்லாம் யார் கேட்கப் போகிறார்கள்?" என்ற கேள்வியும் வரும். எசல பெரஹராவின் கண்டிய மேளம் ஆண்டுதோறும் நேரடியாக ஒலிபரப்பாகி, பதிவாகி, பள்ளிக்கூடத்திலும் கற்பிக்கப்படுகிறது. அது இந்த நகரத்துக்கே பெருமை. அதே மலைச்சாரலில் இருநூறு ஆண்டுகளாக ஒலித்த தப்பைப் படிக்க விரும்பும் மாணவிக்கு நாம் எதைக் கேட்கக் கொடுப்போம்? அவள் எந்த இசைச் சேவைக்குப் பணம் கட்டினாலும் அது அங்கே கிடைக்காது. நம் அலுமாரிகளில் இருக்கிறது, இன்னும் சில ஆண்டுகளுக்கு மட்டும். வீட்டை ஒதுக்குபவர்கள் ஒரு மாதம் பொறுங்கள். கருவியும் தேர்ச்சியும் உள்ளவர்கள் முன்வாருங்கள். பல்கலைக்கழகமும் மாநகர சபையும் ஓர் அறையைத் திறந்து கொடுங்கள். பாடல்களைக் கேட்க இசைச் சேவைகளுக்குப் போவோம். நம்முடைய குரல்களைக் காக்கும் பொறுப்பை எந்த நிறுவனத்திடமும் ஒப்படைக்காமல் நாமே எடுத்துக்கொள்வோம்.